சின்னப் பாட்டியும் ஜான்சி ராணிப் படையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டு முன்னறையில் மாட்டியிருக்கும் படத்தில் சின்னப் பாட்டிக்கு வயது பதினேழு. ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்த தொப்பி, காக்கிச் சட்டை, கால்சட்டை, முகத்தில் சிரிப்பே இல்லை. புதிதாக வீட்டுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் "இது யாரு, உங்க தாத்தாவா?" என்றுதான் கேட்பார்கள். விஷயத்தைச் சொன்னதும் அடுத்தடுத்து வரும் கேள்விகளும் ஏறக்குறைய ஒன்றேதான். பள்ளி இடுபணிக்காக அண்ணன் பிள்ளைகள் கேட்பார்கள், தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவினர் கேட்பார்கள், கல்யாண வீட்டில் பக்கத்து நாற்காலிக்காரர் கேட்பார். சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன். சின்னப் பாட்டி என்றால் என் அம்மாவின் அம்மாவுக்குத் தங்கை. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்.

ஜான்சி ராணிப் படை எந்த நாட்டு ராணுவம்?

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. பிடிபட்ட பிரிட்டிஷ் இந்தியச் சிப்பாய்களை வைத்து மோகன் சிங் தலைமையில் இந்திய தேசிய ராணுவம் உருவானது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஜப்பானியரோடு முட்டிக்கொண்டு அது குலைந்தும் போனது. 1943 ஜூலை 2 அன்று சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து சேர்ந்த பிறகு மறுபடி எழுந்தது. இந்த முறை சிப்பாய்கள் மட்டுமில்லாமல் மலாயா, சயாம், பர்மா ஆகிய இடங்களில் பிழைத்துக்கொண்டிருந்த சாதாரண இந்தியர்களும் சேர்ந்தார்கள். கடைக்காரர், கிராணி (தோட்டத்துக் கணக்கர்), பால்மரம் வெட்டுகிறவர் என்று எல்லா வகையினரும் இருந்தார்கள். அந்த ராணுவத்தின் பெண்கள் பிரிவுதான் ஜான்சி ராணிப் படை. அதில் இருந்தவர்களை 'ராணிகள்' என்றே அழைத்தார்கள். அதனால் சின்னப் பாட்டியைத் தோட்டத்தில் சாகும்வரை 'ராணியம்மா' என்று கூப்பிட்டவர்கள் உண்டு. பாதி மரியாதை, பாதி கிண்டல்.

யார் தொடங்கியது?

பெண்களுக்கும் ஒரு போர்ப்படை வேண்டும் என்று 1943 ஜூலை 9 அன்று சிங்கப்பூர் பாடாங் திடலில் நேதாஜி பேசினார். மூன்று நாள் கழித்துப் பெண்களுக்கென்று தனியாக ஒரு கூட்டம் நடந்தது. அங்கே துப்பாக்கி ஏந்திச் சேலை கட்டிய பெண்கள் அவருக்கு அணிவகுப்பு மரியாதை கொடுத்தார்கள். ஏற்பாடு செய்தவர் டாக்டர் லட்சுமி சுவாமிநாதன். மெட்ராஸ்காரர், 1914-இல் பிறந்தவர், மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்து 1940-இல் சிங்கப்பூர் வந்து வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அம்மா அம்மு சுவாமிநாதன் பிறகு இந்திய அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக இருந்தார். லட்சுமிதான் படைக்குத் தலைவர். 1943 அக்டோபர் 21 அன்று அறிவிக்கப்பட்ட சுதந்திர இந்தியத் தற்காலிக அரசில் அமைச்சராகவும் இருந்தார். மறுநாள், அக்டோபர் 22, சிங்கப்பூர் வாட்டர்லூ தெருவில் பெண்கள் முகாம் திறக்கப்பட்டது.

தோட்டத்தில் பால்மரம் வெட்டிய பெண் எதற்காகப் பட்டாளத்துக்குப் போனார்? நாட்டுப்பற்றா?

இந்தியாவை ஒரு நாள்கூடப் பார்க்காதவர் என் சின்னப் பாட்டி. அவருக்குத் தெரிந்த நாடு காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களம், தொழிலாளர் வரிசை வீடுகளான லயம், மாரியம்மன் கோயில், வாரத்துக்கு ஒருமுறை போகும் கம்பம் (மலாய் கிராமம்), அவ்வளவுதான். பிள்ளைகள் இடுபணியில் 'தாய்நாட்டு விடுதலைக்காக' என்று எழுதுகிறார்கள். பொய்யில்லை, ஆனால் அது கதையில் பாதிதான்.

ஜப்பான்காரன் காலத்தில் ரப்பரை வாங்க ஆளில்லை. தோட்டத்தில் வேலை இல்லை, அரிசியும் இல்லை. மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு. கையில் இருந்ததெல்லாம் வாழைமரம் அச்சடித்த நோட்டு. அதற்கு இன்றைக்கு இருந்த மதிப்பு நாளைக்கு இருக்காது. கோணிப்பையைக் கிழித்துத் தைத்து உடுத்தியவர்களை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார்.

இதற்கு மேல் சயாம் ரயில். தாய்லாந்திலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட ஜப்பானியர் தோட்டம் தோட்டமாக ஆள் பிடித்தார்கள். மூன்று மாத வேலை, நல்ல கூலி என்று சொல்லிக் கூட்டிப்போனார்கள், வராதவர்களை லாரியில் ஏற்றினார்கள். பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் போனார்கள். காலரா, மலேரியா, பட்டினி, அடி. பெரும்பகுதியினர் திரும்பவில்லை. சின்னப் பாட்டியின் மூத்த அண்ணனும் அப்படிப் போனவர்தான்.

இந்திய தேசிய ராணுவத்துக்குப் பின்னால் இருந்த அமைப்பு இந்திய சுதந்திர லீக். அதில் சேர்ந்த வீட்டை ஜப்பான்காரன் அவ்வளவாகத் தொடமாட்டான் என்று தோட்டத்தில் ஒரு நம்பிக்கை இருந்தது. வயசுப் பெண்ணை வீட்டில் வைத்திருப்பதே பயமாக இருந்த காலம் அது. லயத்தில் ஒளித்து வைப்பதைவிட, துப்பாக்கி பிடித்த பெண்கள் நடுவே இருப்பது பாதுகாப்பு என்று பெற்றவர்களுக்குத் தோன்றியிருக்கலாம். பாட்டியிடமே ஒருமுறை நேராகக் கேட்டேன். "சோறு போடுறாங்கன்னாங்க. அப்புறம் அந்தம்மா பேசினதக் கேட்டேன். ரெண்டும்தான்," என்றார். எது முதலில் என்று கேட்டதற்கு, "பசி வயித்துல இருக்கறப்ப எது முதல்னு தெரியுமா?" என்று எழுந்து போய்விட்டார்.

வீட்டில் எப்படி விட்டார்கள்?

விண்ணப்பத்தில் கல்யாணமாகாத பெண்ணுக்கு அப்பாவும் கல்யாணமானவருக்குக் கணவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று விதி இருந்தது. கோலாலம்பூரில் வசதியான வீட்டில் பிறந்த ஜானகி தேவர் கூட்டத்திலேயே காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தவர். அவரே அப்பாவின் கையெழுத்துக்காக டாக்டர் லட்சுமியை வீட்டுக்குத் தேநீருக்கு அழைத்து, அவரைக் கொண்டு பேசவைக்க வேண்டியிருந்தது. எங்கள் வீட்டில் தேநீரும் இல்லை, கையெழுத்துப் போடத் தெரிந்தவரும் இல்லை. கொள்ளுத்தாத்தா கட்டைவிரலை மையில் அழுத்தி ஒற்றிவிட்டு, இரண்டு நாள் யாரோடும் பேசவில்லையாம்.

முகாமில் என்ன செய்தார்கள்?

விடியற்காலையில் கொடியேற்றம், உடற்பயிற்சி, அணிவகுப்பு. பிறகு துப்பாக்கிப் பயிற்சி, கையெறி குண்டு, துப்பாக்கி முனையில் கத்தியைச் செருகி வைக்கோல் பொம்மையைக் குத்துவது, வரைபடம் பார்ப்பது, மூட்டையைச் சுமந்துகொண்டு நெடுந்தூரம் நடப்பது. நர்ஸ் வேலைக்கெனப் பிரிக்கப்பட்டவர்களுக்கும் ஆயுதப் பயிற்சி உண்டு.

'பெரட்டு' என்ற சொல்லே 'பரேட்'டிலிருந்து வந்ததுதானே. விடியும் முன் எழுந்து பெரட்டுக்களத்தில் வரிசையாக நின்று பேர் சொல்லக் கேட்பது தோட்டத்துப் பெண்களுக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம். அதனால் முகாமில் முதல் வாரம் திணறியவர்கள் பட்டணத்துப் பெண்கள்தானாம். "நமக்கு அது கங்காணி இல்லாத பெரட்டு" என்பார் பாட்டி. சொல்லும்போது முகத்தில் ஒரு சின்னப் பெருமை தெரியும்.

கட்டளைகள் இந்துஸ்தானியில். அந்த மொழியை ரோமன் எழுத்தில் கற்றுக்கொடுத்தார்கள். தமிழ் எழுத்தே தெரியாதவருக்கு இது எப்படி இருந்திருக்கும்? 'தாஹினே' என்றால் வலது, 'பாயேன்' என்றால் இடது. எந்தப் பக்கம் என்று மறக்காமலிருக்க வலது மணிக்கட்டில் நூல் கட்டிக்கொண்டதாகச் சொன்னார். முகாமில்தான் கையெழுத்துப் போடவும் கற்றுக்கொண்டார். எனக்குத் தெரிந்து அவர் எழுதிய ஒரே சொல் அவருடைய பெயர்தான். கிழவியான பிறகும் அதைப் பெரிய பெரிய எழுத்தாக, பேனாவை அழுத்தி எழுதுவார்.

சாப்பாடு எல்லாருக்கும் ஒரே பாத்திரத்திலிருந்து. தமிழர்தான் பெரும்பான்மை என்றாலும் மலையாளி, பஞ்சாபி, வங்காளி, குஜராத்திப் பெண்களும் இருந்தார்கள். ஈப்போவின் ராசம்மா நவரத்தினம், பின்னாளில் ராசம்மா பூபாலன் என்று மலேசியாவில் எல்லாரும் அறிந்த ஆசிரியர், யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்தவர். அக்காவோடு சேர்ந்து வந்தவர். சாதி, வசதி எல்லாம் முகாம் வாசலிலேயே நின்றுவிட்டது என்று சில கட்டுரைகளில் படித்திருக்கிறேன். எனக்கு அது கொஞ்சம் அதிகமாகப் படுகிறது. ஆங்கிலம் படித்த வீட்டுப் பெண்கள்தான் பெரும்பாலும் அதிகாரிகள் ஆனார்கள், தோட்டத்துப் பெண்கள் சிப்பாய்களாகவே இருந்தார்கள். ஆனால் கிராணி மகளும் பால்வெட்டுக்காரி மகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே வகைத் தட்டில் சாப்பிட்டது தோட்டத்தில் நடந்திருக்கவே முடியாது. பாட்டி வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தது துப்பாக்கியைப் பற்றி அல்ல, அந்தச் சாப்பாட்டு வரிசையைப் பற்றி.

பர்மாவுக்கு எப்படிப் போனார்கள்?

சிங்கப்பூரில் முதல் அணியின் பயிற்சி 1944 மார்ச் மாதக் கடைசியில் முடிந்தது. அப்புறம் பிரிவு பிரிவாக ரங்கூனுக்கு அனுப்பினார்கள். கடல் வழி ஆபத்து என்பதால் ரயில். அதாவது அந்தச் சயாம் ரயில்தான். தண்டவாளம் போட்டு முடித்து ஓராண்டுகூட ஆகவில்லை.

சரக்குப் பெட்டியில் உட்கார்ந்து, அண்ணனைக் கொண்டுபோன அதே பாதையில் பாட்டி போனார். பகலில் விமானத் தாக்குதலுக்குப் பயந்து ரயில் காட்டுக்குள் நின்றுவிடும், இரவில்தான் ஓடும். நின்ற இடத்திலெல்லாம் இறங்கி, தமிழ் பேசுகிற கூலிகள் யாராவது கண்ணில் பட்டால் அண்ணன் பேரையும் தோட்டத்துப் பேரையும் சொல்லிக் கேட்டிருக்கிறார். ஓரிடத்தில் ஒருவர், "தாயி, பேரு கேக்காதே, பேரு இருக்கறவங்க இங்க யாரும் இல்ல," என்றாராம். இதைப் பாட்டி என் அம்மாவிடம் ஒரே ஒருமுறைதான் சொன்னார்.

இம்பால் போரில் சண்டை போட்டாரா? எத்தனை பேரைச் சுட்டார்?

குடும்பத்தில் இரண்டு பேர் இதைப் படித்துவிட்டு என்னோடு சண்டைக்கு வருவார்கள், தெரியும். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்: இல்லை. அவர் யாரையும் சுடவில்லை. ஜான்சி ராணிப் படை இம்பால் முனையில் போரிடவில்லை. இந்திய மண்ணில் வெற்றியோடு நுழையும்போது பெண்கள் முன்னால் போக வேண்டும் என்பது நேதாஜியின் எண்ணம். ஜப்பானியரும் இந்திய தேசிய ராணுவமும் 1944 மார்ச்சில் இம்பாலை நோக்கித் தொடங்கிய படையெடுப்பு ஜூலையில் தோற்றுப் பின்வாங்கியதும் அந்த வாய்ப்பே வரவில்லை. எங்களையும் முனைக்கு அனுப்புங்கள் என்று ரத்தத்தால் கையெழுத்திட்டுக் கடிதம் கொடுத்ததாகப் படையில் இருந்தவர்கள் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள்.

பாட்டியின் போர் மேமியோவில் நடந்தது. மாண்டலேக்குக் கிழக்கே மலைமேல் இருக்கும் ஊர், இப்போது பியின் ஊ ல்வின் என்கிறார்கள். அங்கே ராணிகள் ராணுவ மருத்துவமனையில் வேலை பார்த்தார்கள். இம்பாலிலிருந்து மழையில் நடந்தே திரும்பியவர்கள் வந்து குவிந்தார்கள். குண்டடியைவிட மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் பட்டினியும்தான் அதிகம். மருந்தும் துணியும் பற்றாக்குறை. சீழ் பிடித்த கட்டுத்துணியை வேகவைத்துக் காயப்போட்டு மறுபடி கட்டுவது பாட்டியின் வேலை. விமானம் வந்தால் நடக்க முடியாதவர்களைத் தூக்கிக்கொண்டு பதுங்குகுழிக்கு ஓட வேண்டும். அந்த மருத்துவமனை மேலும் குண்டு விழுந்தது.

பக்கத்துத் தோட்டத்துப் பையன் ஒருவனை அங்கே அடையாளம் கண்டிருக்கிறார். மிளகு ரசம் கேட்டானாம். மிளகுக்கு எங்கே போவது? மிளகாயைச் சுட்டு வெந்நீரில் கரைத்து உப்புப் போட்டுக் கொடுத்ததாகவும், "எங்கம்மா ரசம் மாதிரியே இருக்கு" என்று பொய் சொல்லிக் குடித்ததாகவும் சொல்வார். அவன் பிழைத்தானா என்று கேட்டால் பதில் வராது.

நேதாஜியோடு ரங்கூனிலிருந்து நடந்து வந்தவர் என்கிறார்களே?

அதுவும் இல்லை. அந்தப் பயணம் உண்மை. 1945 ஏப்ரல் 24 இரவு, பிரிட்டிஷ் படை நெருங்கிக்கொண்டிருக்க, நேதாஜி சுமார் நூறு ராணிகளோடு ரங்கூனைவிட்டுக் கிளம்பினார். பெண்களுக்கு வண்டி ஏற்பாடு ஆகும்வரை தான் நகரமாட்டேன் என்று நின்றவர் அவர். லாரிகள் சேற்றில் சிக்கியும் தாக்குதலில் எரிந்தும் போக, பகலில் மரத்தடியில் ஒளிந்து இரவில் நடந்து, சிட்டாங் ஆற்றைக் கடந்து, மோல்மேன் வழியாகப் பாங்காக் வந்து சேர மூன்று வாரம் ஆனது. நேதாஜியும் கூடவே நடந்தார். ஜானகியும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்.

சின்னப் பாட்டி அதற்கு முன்பே ரயிலில் அனுப்பப்பட்டவர்களில் ஒருத்தி. சொகுசுப் பயணம் என்று நினைத்துவிட வேண்டாம். அப்படித் திரும்பிய ரயில் ஒன்று கெரில்லாப் போராளிகளால் தாக்கப்பட்டு ஸ்டெல்லா, ஜோசபின் என்ற இரண்டு ராணிகள் இறந்தார்கள். பர்மாவிலேயே பிறந்த பெண்களை அவரவர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அப்படியானால் நேதாஜியைப் பார்த்ததே இல்லையா?

பார்த்திருக்கிறார், மூன்று முறை. "கண்ணாடி போட்டவரு, நல்ல செவப்பு, தமிழ் தெரியாது." அவ்வளவுதான். நேதாஜி பேச்சைத் தமிழில் மொழிபெயர்த்துச் சொன்னவரின் குரல்தான் பாட்டிக்கு நேதாஜியின் குரலாக நினைவில் இருந்தது.

மொத்தம் எத்தனை பெண்கள் இருந்தார்கள்?

ஆயிரம், ஆயிரத்தைந்நூறு என்றெல்லாம் எழுதுவார்கள். எஞ்சியிருந்த ராணிகளைத் தேடிப் பேசிய ஓர் ஆய்வாளர் சுமார் 450 பேர் என்று கணக்கிட்டிருக்கிறார். எனக்கு இந்தச் சின்ன எண்தான் நம்பும்படியாக இருக்கிறது.

ஜப்பானோடு சேர்ந்தது தவறில்லையா?

பிள்ளைகளிலேயே கெட்டிக்காரப் பிள்ளை கேட்கும் கேள்வி இது. அண்ணனைக் கொன்றவனின் தயவில் இயங்கிய ராணுவத்தில் தங்கை இருந்தாள், அதை மழுப்ப நான் தயாராக இல்லை. ஜப்பானிய அதிகாரிகள் பெண்கள் படையையே கேலியாகப் பார்த்தவர்கள். மறுபக்கம், அந்தத் தோட்டத்துக்கு வெள்ளைக்காரத் துரை செய்ததும் கொஞ்சநஞ்சமல்ல. போர் வந்ததும் அவர்கள் தங்கள் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு சிங்கப்பூருக்குப் போய்விட்டார்கள், கூலிகளைத்தான் விட்டுவிட்டுப் போனார்கள். பாட்டி இரண்டு பேரையும் மன்னிக்கவில்லை. கடைசிவரை வீட்டில் ஜப்பான் சாமான் எதுவும் வாங்கவிடமாட்டார், சோறு வேகவைக்கும் மின்பானை உட்பட. பிறகு அம்மா ஒன்று வாங்கி, அது தைவான் பொருள் என்று சொல்லி வைத்திருந்தார்.

பிரிட்டிஷார் திரும்பியதும் தண்டித்தார்களா? பென்ஷன் கிடைத்ததா?

டெல்லி செங்கோட்டையில் இந்திய தேசிய ராணுவத்தினர்மீதான விசாரணை 1945 நவம்பரில் தொடங்கியது. ஷா நவாஸ் கான், சாகல், தில்லான் ஆகிய மூன்று ஆண் அதிகாரிகள்மீதுதான் அது. டாக்டர் லட்சுமியைப் பர்மாவில் பிடித்து வைத்திருந்து 1946 மார்ச்சில் இந்தியாவுக்கு அனுப்பினார்கள். அவர் பின்னாளில் கான்பூரில் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார். 2002-இல் அப்துல் கலாமை எதிர்த்துக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றார். 2012-இல் காலமானார். ஜானகி மலேசிய மேலவையில் உறுப்பினரானார், 2000-இல் இந்திய அரசு பத்மஸ்ரீ கொடுத்தது. சாதாரண ராணிகளை வீட்டுக்குப் போ என்று விட்டுவிட்டார்கள்.

இந்திய அரசு 1972-இல் தொடங்கிய விடுதலைப் போராட்ட வீரர் ஓய்வூதியத் திட்டத்தில் இந்திய தேசிய ராணுவத்தினருக்கும் இடம் உண்டு, தமிழ்நாட்டுக்குத் திரும்பியவர்கள் சிலர் வாங்கினார்கள். பாட்டி விண்ணப்பிக்கவில்லை. அவர் மலேசியக் குடிமகள், அதோடு கையில் ஒரு தாளும் இல்லை.

எங்கள் குடும்பத்திலும் ஒருவர் இருந்தாராம். எங்கே தேடுவது?

பெரிய ஆவணம் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள், பின்வாங்கும்போது நிறையத் தாள்கள் அழிந்தன. டெல்லியில் உள்ள இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தில் இந்திய தேசிய ராணுவக் கோப்புகள் இருக்கின்றன, அவற்றில் பலவற்றை இணையத்தில் 'அபிலேக் படல்' தளத்தில் தேடலாம். நேதாஜி தொடர்பான 100 கோப்புகளை 2016 ஜனவரி 23 அன்று வெளியிட்டார்கள். சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் அந்தக் காலத்தவர்களின் ஒலிப்பதிவு நேர்காணல்கள் உண்டு.

பேரை ஒரே எழுத்துக்கூட்டில் தேட வேண்டாம். லட்சுமி ஐந்து விதமாக இருப்பார், முனியம்மா ஏழு விதமாக. அப்பா பேர், தோட்டத்துப் பேர், பக்கத்து ரயில் நிலையம் இவற்றையும் சேர்த்துப் பாருங்கள். இதற்கெல்லாம் முன்னால், உயிரோடு இருக்கும் பெரியவர்களிடம் போய் உட்காருங்கள். "பட்டாளத்தில் என்ன செய்தீங்க?" என்று கேட்டால் ஒன்றும் வராது. "அங்க என்ன சாப்பாடு?" என்று ஆரம்பித்தால் கதை வரும். என் அனுபவம் இது. அதிகாரிகளாக இருந்தவர்கள் எழுதினார்கள், பேட்டி கொடுத்தார்கள். தோட்டத்துப் பெண்கள் சொன்னது அடுப்படியோடு நின்றுவிட்டது.

பாட்டி ஏன் இதைப் பற்றி அதிகம் பேசவில்லை?

ஊர் திரும்பியதும் கல்யாணம் ஆகவில்லை. "ரெண்டு வருஷம் ஆம்பளைங்களோட காட்டுல இருந்தவ" என்று ஒரு பேச்சு. நான்கு வரன்கள் தட்டிப்போய், ஐந்தாவதாக வந்த மாப்பிள்ளையிடம் தையல் வேலைக்குச் சிங்கப்பூர் போயிருந்தாள் என்று சொல்லிவிட்டார்கள். சின்னத் தாத்தாவுக்கு உண்மை தெரிந்தது முதல் பிள்ளை பிறந்த பிறகுதான். அவர் கோபப்படவில்லையாம். "அதான் காலையில எழுப்பறப்ப பட்டாளத்தான் மாதிரி கத்துறியா?" என்று மட்டும் கேட்டாராம்.

அந்தச் சீருடை இப்போது எங்கே?

இல்லை. பிரிட்டிஷார் திரும்பி வந்த வாரமே கொள்ளுப்பாட்டி பயந்துபோய் அடுப்பில் போட்டுவிட்டார். சுவரில் இருப்பது லீக் அலுவலகத்தில் எடுத்த படம், அரிசிப் பானைக்குள் இருந்ததால் தப்பியது. துணி எரியும் முன் பாட்டி சட்டைப் பித்தான்களை மட்டும் அறுத்து எடுத்துக்கொண்டார். ஐந்து இருந்தன. மூன்று தொலைந்துவிட்டன. ஒன்று அம்மாவின் தையல் டப்பாவில் இருக்கிறது. இன்னொன்றை, விஷயம் தெரியாமல், 1981-இல் என் பள்ளிக்கூடச் சட்டையில் தைத்து அனுப்பிவிட்டார்கள். அந்தச் சட்டை சின்னதாகிப்போனதும் யாருக்குக் கொடுத்தோம் என்று இன்றுவரை அம்மாவும் நானும் வாதாடிக்கொண்டிருக்கிறோம்.